ஓய்வுபெற்ற பேஸ்பால் ரிலீவரைத் தமிழ் பாட்காஸ்டுக்குப் பேட்டி எடுக்கிறோம்: என்ன கேட்கலாம்?

அல்சூர் ஏரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தமிழில் ஒரு விளையாட்டு பாட்காஸ்ட் நடத்துகிறோம். இதுவரை கிரிக்கெட், கபடி, ஹாக்கி மட்டும்தான். அடுத்த மாதம் அமெரிக்க மேஜர் லீக்கில் 2010-களில் ரிலீஃப் பிட்சராக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வந்து எறிபவர், ரிலீவர் என்றும் சொல்வார்கள்) ஆடி ஓய்வுபெற்ற ஒருவர் வேலை விஷயமாக பெங்களூரு வருகிறார். 45 நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போட்டி, அணித் தோழர்கள், ஆட்ட வாழ்க்கையின் முக்கியத் தருணங்கள் மூன்றையும் பற்றிப் பேச வேண்டும். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், தமிழ்ச் சுருக்கத்தை நாங்கள் சேர்ப்போம்.

கேட்பவர்கள் பெரும்பாலும் சின்னசாமி ஸ்டேடியம் ரசிகர்கள், பேஸ்பால் பரிச்சயம் குறைவு. "உங்கள் மறக்க முடியாத ஆட்டம் எது" என்று கேட்டால் எல்லாரிடமும் சொன்ன பதிலைத்தான் நம்மிடமும் சொல்வார் என்று தோன்றுகிறது. விளையாட்டு தெரிந்தவர்கள் எப்படித் தயாராவது என்று சொல்லுங்களேன்.

---

ஸ்கோர்புக்

முதலில் பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவர் பக்கத்தைத் திறந்து, வருடக் கணக்கை விட்டுவிட்டு, ஆட்டம் ஆட்டமாக இருக்கும் பட்டியலுக்குப் போங்கள். அதிலிருந்து மூன்று ஆட்டங்களை எடுங்கள்: மேஜர் லீக்கில் அவர் எறிந்த முதல் ஆட்டம், அடி வாங்கிய மோசமான ஆட்டம், ஒரு ரன் வித்தியாசத்தில் காப்பாற்றிக் கொடுத்த ஆட்டம். மூன்றிலும் எதிரே நின்ற பேட்டர் யார், பேஸில் எத்தனை பேர், எத்தனை அவுட் என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டியின் பாதி அதிலேயே ஓடிவிடும்.

எண்களைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் கிரிக்கெட்காரர்களுக்குக் கால் இடறும்.

ஒன்று, இன்னிங்ஸ் கணக்கில் வரும் புள்ளி தசமப் புள்ளி இல்லை. 5.2 என்றால் ஐந்து இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், அதாவது ஐந்தே மூன்றில் இரண்டு. நம் ஓவர் கணக்கில் 5.2 என்றால் ஐந்து ஓவர் இரண்டு பந்து என்பது போலத்தான், ஆனால் இங்கே ஆறுக்குப் பதில் மூன்று. ஈஆர்ஏ என்பது ஃபீல்டிங் பிழையால் வந்தவற்றை விட்டுவிட்டு, பிட்சர் பேரில் எழுதப்பட்ட ரன்களை 9 ஆல் பெருக்கி இன்னிங்ஸால் வகுப்பது. 5.2 இன்னிங்ஸில் 3 ரன் என்றால் 4.76 வர வேண்டும். கால்குலேட்டரில் அப்படியே 5.2 என்று தட்டினால் 5.19 வரும். அந்தத் தப்பான எண்ணை அவர் எதிரிலேயே வாசித்தால் பேட்டி அங்கேயே தொய்ந்துவிடும்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. ரிலீவர் உள்ளே வரும்போது மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அவர் முதல் பந்திலேயே இரட்டை அடி கொடுத்து மூன்று பேரும் ஓடி வந்துவிட்டால், அந்த மூன்று ரன்னும் அவர் கணக்கில் ஏறாது. அவர்களைப் பேஸுக்கு விட்ட முந்தைய பிட்சர் தலையில் ஏறும். ஆகவே ரிலீவரின் ஈஆர்ஏ அழகாக இருந்தும் அவர் மோசமாக எறிந்திருக்கலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். "நீங்கள் வந்தபோது பேஸில் நின்றவர்களில் எத்தனை பேர் ரன் எடுத்தார்கள்" என்று தனிக் கணக்கு இருக்கிறது, அதைப் பாருங்கள். "அந்த முந்தைய பிட்சரின் முகத்தை அன்று ராத்திரி எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் தோழமை பற்றிய கேள்வியும் அதிலேயே முடிந்தது.

சேவ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நீங்களே முன்கூட்டி ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள். ஜெயிக்கும் அணிக்காகக் கடைசியாக எறிபவருக்குத்தான் அது. வழக்கமான வழி, மூன்று ரன்னுக்கு மேல் போகாத முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸாவது முடிப்பது. 1969-லிருந்து அதிகாரப்பூர்வக் கணக்கு. ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காத்துவிட்டுப் போகிறவருக்கு ஹோல்ட் என்று ஒன்று எழுதுவார்கள், ஆனால் அது அதிகாரப்பூர்வமானது இல்லை. உங்கள் விருந்தாளி அந்த ரகம் என்றால் அவருடைய நல்ல நாட்களில் பாதி எந்தத் தலைப்புச் செய்தியிலும் வந்திருக்காது.

---

மூன்றாம் பேஸ்

ஸ்கோர்புக் சொன்னது சரி. போட்டி பற்றிக் கேட்கும்போது இன்னும் ஒரு படி கீழே இறங்குங்கள்: ஆட்டம் வேண்டாம், ஒரே ஒரு பேட்டர். பேட்டர் வேண்டாம், ஒரே ஒரு கவுன்ட்.

கவுன்ட் என்பது அந்தப் பேட்டருக்கு இதுவரை விழுந்த பாலும் (எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து) ஸ்ட்ரைக்கும் (எல்லைக்குள் வந்தது அல்லது பேட்டர் வீசித் தவறவிட்டது). முதலில் பால், பிறகு ஸ்ட்ரைக். 0-2 என்றால் பிட்சர் ராஜா, ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வீசி ஆசை காட்டலாம். 3-1 என்றால் பேட்டர் ராஜா. இன்னொரு பால் போனால் சும்மா முதல் பேஸ் கொடுக்க வேண்டும் என்பதால் பிட்சர் எல்லைக்குள் எறிந்தே ஆக வேண்டும், பேட்டருக்கும் அது தெரியும். 18.44 மீட்டர் தூரத்தை 150 கிலோமீட்டர் வேகப் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் கடந்துவிடுகிறது. பார்த்து முடிவெடுக்க நேரம் இல்லாததால் பேட்டர் முன்பே ஊகித்தாக வேண்டும். போட்டி என்று இவர்கள் சொல்வதெல்லாம் இந்த ஊகச் சண்டைதான்.

1988 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தை உதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓக்லாந்து 4-3 முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட். மவுண்டில், அதாவது பிட்சர் நின்று எறியும் மேட்டில், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த குளோஸர் (கடைசி இன்னிங்ஸ் ரிலீவர்) டென்னிஸ் எக்கர்ஸ்லி. டாட்ஜர்ஸ் பக்கம் இரண்டு காலிலும் காயத்தோடு கிர்க் கிப்சன் நொண்டிக்கொண்டே வருகிறார். கவுன்ட் 3-2 ஆகிறது. இடதுகை பேட்டருக்கு அந்தக் கவுன்ட்டில் எக்கர்ஸ்லி வெளியிலிருந்து உள்ளே வளையும் ஸ்லைடர் போடுவார் என்று டாட்ஜர்ஸுக்காக எதிரணியைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் ஸ்கவுட் மெல் டிடியே முன்பே சொல்லி வைத்திருந்தார். அதே பந்து வந்தது, கிப்சன் வலது பக்க இருக்கைகளுக்கு அனுப்பினார், 5-4. அந்தத் தொடரில் கிப்சன் பேட் பிடித்தது அந்த ஒரே முறைதான். கிப்சனை எல்லாரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த இரவு உடை மாற்றும் அறைக்கு வந்து நிருபர்களின் கேள்வி தீரும்வரை நின்று பதில் சொன்னவர் எக்கர்ஸ்லி. ரிலீவர்கள் மத்தியில் அவருக்குள்ள மரியாதையில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே "உங்களுக்குக் கடினமான பேட்டர் யார்?" என்று கேட்காதீர்கள், மைக் ட்ரவுட் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். பெயரையும் தேதியையும் நீங்களே வைத்துக்கொண்டு, "3-2 ஆனதும் ஏன் ஸ்லைடர்? கேட்சர் முதலில் கேட்டது அதுதானா, நீங்கள் தலையாட்டி மாற்றியதா?" என்று கேளுங்கள். பத்து வருடம் ஆனாலும் பிட்சர்களுக்கு அது நினைவிருக்கும். வெற்றி பெற்ற பந்தைவிட அடி வாங்கிய பந்து இன்னும் தெளிவாக நினைவிருக்கும்.

---

கிர்மானி ரசிகன்

தோழர்கள் பகுதிக்கு என் பங்கு. "டீமில் யாரோடு நெருக்கம்?" என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்க. பிட்சருக்கு அணி என்றால் முதலில் கேட்சர், அப்புறம் புல்பென் (ரிலீவர்கள் காத்திருந்து சூடேற்றும் இடம்), அதுக்கு அப்புறம்தான் மிச்சம் இருக்கிறவங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் புரிய வைக்க சந்திரசேகரையும் கிர்மானியையும் சொல்லுங்க, போதும். என்ன பந்து வரப்போகுதுன்னு பேட்ஸ்மேனுக்கு முன்னாடி கீப்பருக்குத் தெரியணும் இல்லையா, அது. ஒரு வித்தியாசம், பேஸ்பால்ல அடுத்த பந்து எதுன்னு முதலில் சொல்றவரே கேட்சர்தான். உங்க விருந்தாளி ஆடின காலத்துல விரலைக் காலிடுக்கில் வைத்துச் சைகை. பிட்ச்காம்னு பட்டனை அழுத்தினா காதில் சொல்ற கருவி மேஜர் லீக்குக்கு வந்தது 2022-ல். இரண்டாவது பேஸில் எதிரணி ஆள் நின்றா அந்தச் சைகை அவருக்கு நேராகத் தெரியும். அதனால நாலைந்து சைகை காட்டி, அதில் எத்தனையாவது நிஜம் என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருப்பாங்க. ஹூஸ்டன் அணி 2017-ல் கேமரா வைத்துச் சைகையைப் பிடித்து, குப்பைத்தொட்டியைத் தட்டி பேட்டருக்குச் சொன்ன விவகாரம் 2020 ஜனவரியில் தண்டனை வரை போனது. 2017-ல் ஹூஸ்டனில் எறிந்திருக்காரான்னு பாருங்க. எறிந்திருந்தா அந்த நாளின் கணக்கோடு போங்க.

பெரிய பிட்சர்கள் சிலர் கேட்சரையே தேர்ந்தெடுத்தாங்க. 355 வெற்றி எடுத்த கிரெக் மேடக்ஸுக்கு அட்லாண்டாவில் முதல்நிலை கேட்சர் ஹாவி லோபஸ், நல்லா அடிக்கிறவர். ஆனாலும் மேடக்ஸ் எறியும் நாளில் பெரும்பாலும் எடி பெரஸ்தான் உட்காருவார். ரிலீவருக்கு அந்தச் சலுகை கிடையாது, உள்ளே வரும்போது யார் உட்கார்ந்திருக்காரோ அவர்தான். "முன்பின் பழகாத கேட்சரிடம் முதல் முறை எறிந்தப்போ மவுண்டில் என்ன பேசினீங்க?" இது நல்ல கேள்வி. அந்தப் பேச்சு பத்து விநாடிதான் இருக்கும், ஆனா அதுல எல்லாம் இருக்கும்.

புல்பென் பற்றி நிறையக் கேளுங்க. மைதானத்தின் ஓரம் ஏழெட்டுப் பேர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பாங்க, போன் அடிக்கும், ஒருத்தர் எழுந்து சூடேற்றுவார். 15, 20 பந்து எறிந்து உடம்பு தயாரானதும் "வேண்டாம், உட்காரு"ன்னு மறுபடி போன் வரும். அந்தப் பந்துகள் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது, தோள்பட்டை மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். 162 ஆட்டத்தில் 60 முறை உள்ளே வந்தவர், சும்மா சூடேற்றிவிட்டு உட்கார்ந்தது எத்தனை முறைன்னு கேளுங்க. மேனேஜர் (இங்கே தலைமைப் பயிற்சியாளர்) பற்றிய அவர் அபிப்பிராயம் தானாக வெளியே வரும்.

இன்னொன்று, மொழி. டொமினிகன், வெனிசுவேலா ஆட்கள் ஸ்பானிஷ், ஜப்பானிய பிட்சருக்குத் துபாஷி, மிச்சப்பேர் ஆங்கிலம். ஒரே அறையில் மூன்று மொழி ஓடினா எப்படி இருக்கும்னு பெங்களூருத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, அவர்கிட்ட கேளுங்க, நம்ம ஆளுங்க ரசிப்பாங்க.

---

அல்சூர் ஏரிக்கரை

மிக்க நன்றி, பாதிக் கேள்வித்தாள் தயார். மூன்று சந்தேகம். காயம், ஊக்கமருந்து, சம்பளம் இதெல்லாம் கேட்கலாமா, முகம் சுளிப்பாரா? அவர் பெரிய நட்சத்திரம் இல்லை, ஐந்தாறு அணி மாறியவர், "சாதனை" என்று எதைக் கேட்பது? இந்தியா என்றதும், அமெரிக்காவுக்குப் பேஸ்பால் ஆடப் போன ரிங்கு சிங் (கிரிக்கெட்காரர் இல்லை), தினேஷ் படேல் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது?

---

ஸ்கோர்புக்

கடைசிக் கேள்விக்கு முதலில். இருவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிந்தவர்கள், 2008-ல் நடந்த மில்லியன் டாலர் ஆர்ம் போட்டியில் கண்டெடுக்கப்பட்டு அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுடன் ஒப்பந்தம் போட்டார்கள். 2009-ல் கீழ்நிலை லீக்கில் இறங்கினார்கள். இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. "மேஜர் லீக்கில் ஆடிய இந்தியர்கள்" என்று அறிமுகத்தில் சொல்லிவிடாதீர்கள், விருந்தாளி திருத்த வேண்டிய நிலை வரும். பிட்சிங் பழக்கமே இல்லாதவனை ஒரு வருடத்தில் தயார் செய்ய முடியுமா, எது முதலில் வரும், வேகமா குறியா என்று கேட்டால் அதுதான் பயனுள்ள கேள்வி.

ஐந்தாறு அணி மாறியவர் என்றால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம். நட்சத்திரங்களுக்குத் தெரியாத விதிமுறை எல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருக்கும். முக்கியமானது ஆப்ஷன். 40 பேர் பட்டியலில் இருக்கும் ஆட்டக்காரரை மூன்று பருவங்கள் வரை, யாருடைய அனுமதியும் இல்லாமல் மைனர் லீக்குக்கு ஏற்றி இறக்கலாம். அவர் காலத்தில் ஒரு பருவத்துக்குள் எத்தனை முறை என்று வரம்பே இல்லை. 2022-லிருந்துதான் ஐந்து முறை என்று கட்டினார்கள். நேற்று இரண்டு இன்னிங்ஸ் எறிந்து கை களைத்துவிட்டதா, இவரைக் கீழே அனுப்பிப் புதுக் கையை மேலே கூப்பிடு. நன்றாக எறிந்ததற்குக் கிடைத்த பரிசு ராத்திரி விமானம். பேஸ்பால் ரெஃபரன்ஸில் பரிமாற்றப் பட்டியலும் இருக்கிறது, ஒரே மாதத்தில் மூன்று முறை மேலே கீழே போன மாதம் இருந்தால் அதைக் குறித்து வையுங்கள்.

சம்பளத்தை நேராகக் கேட்க வேண்டாம், சர்வீஸ் நாட்களைக் கேளுங்கள். மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஒரு வருடம். 43 நாள் ஆனால் ஓய்வூதியத்துக்கு உரிமை வருகிறது. 40-வது நாளில் கீழே அனுப்பப்படுகிறவனுக்கு அந்த மூன்று நாள் என்ன என்பதை எந்தச் சம்பள எண்ணும் சொல்லாது. "எத்தனையாவது நாள் என்று எண்ணினீர்களா?" என்று கேளுங்கள். எண்ணாதவர் யாரும் இல்லை.

---

மூன்றாம் பேஸ்

சாதனை விஷயம். முழுத் தொழிலும் ஒருநாளும் சேர்ந்தே போகும் என்று நினைக்காதீர்கள். 1956 வேர்ல்ட் சீரிஸில் பர்ஃபெக்ட் கேம் எறிந்த டான் லார்சன், 27 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கியவர். அவருடைய மொத்தக் கணக்கு 81 வெற்றி, 91 தோல்வி. மறுபக்கம் நியூயார்க் யாங்கீஸ் குளோஸர் மரியானோ ரிவேரா, 652 சேவ், 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுக்கூடக் குறையாமல் தேர்வான முதல் ஆள். அவர் 2001 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டத்தைத் தோற்றார். ஒரு அவுட், மூன்று பேஸிலும் ஆள், 2-2 சமநிலை. மூன்றாம் பேஸ்காரர் ஓடிவந்தால் கதை முடிந்தது என்பதால் உள்வட்டத்தை முன்னே இழுத்து நிறுத்தியிருந்தார்கள். எதிரணியின் லூயிஸ் கொன்சாலெஸின் பேட்டை ரிவேராவின் கட்டர் (கடைசி நொடியில் லேசாக விலகும் வேகப்பந்து) உடைத்தது, ஆனால் மெதுவாக எழும்பிய பந்து முன்னே வந்து நின்ற ஷார்ட்ஸ்டாப் டெரக் ஜீட்டரின் தலைக்கு மேலே போய் விழுந்தது. வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் அது எளிய கேட்ச். நல்ல பந்து, நியாயமான வியூகம், கிடைத்தது தோல்வி.

உங்கள் விருந்தாளியிடம் "சரியாக எறிந்தும் தோற்ற நாள் எது, தப்பாக எறிந்தும் பிழைத்த நாள் எது?" என்று இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். தனித்தனியாகக் கேட்டால் முதலாவதை மட்டும் நீட்டி முழக்குவார்.

நடுவர் தப்பு பற்றியும் கேட்கலாம். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டின் அர்மாண்டோ கலராகாவுக்கு 27-வது அவுட்டை ஜிம் ஜாய்ஸ் நடுவர் தவறாக சேஃப் (அவுட் இல்லை) என்று சொன்னார், பர்ஃபெக்ட் கேம் போனது. அப்போது அந்த வகைத் தீர்ப்பை வீடியோவில் திருப்பிப் பார்க்க விதியில்லை, 2014-ல்தான் வந்தது. மறுநாள் கலராகாவே லைன்அப் அட்டையை (அன்று ஆடுபவர்கள் பட்டியல்) கொண்டுபோய் ஜாய்ஸ் கையில் கொடுத்தார், அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். 2014-க்கு முன்னும் பின்னும் ஆடியவர் என்றால் நடுவரோடு பேச்சுவார்த்தை எப்படி மாறியது என்று கேளுங்கள்.

காயத்தைத் தாராளமாகக் கேட்கலாம். முழங்கை உட்பக்கத் தசைநார் கிழிந்து மாற்று வைக்கும் டாமி ஜான் அறுவை சிகிச்சை முதன்முதலில் 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் செய்தது. அந்த டாமி ஜான் 1976-ல் திரும்பி வந்து 164 வெற்றி எடுத்தார், அறுவைக்கு முன் எடுத்தது 124. இன்றைக்கும் திரும்பி வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். உங்கள் ஆளுக்கும் முழங்கையில் தழும்பு இருந்தால் "வலித்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. மாதக்கணக்கில் பந்தையே தொடாமல் இருந்துவிட்டு 14 மீட்டரிலிருந்து மெதுவாக எறியத் தொடங்கி, தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்தத் தூரத்தில் பயம் வந்தது, வேகம் முதலில் திரும்பியதா, குறி முதலில் திரும்பியதா, இதைக் கேளுங்கள். பெரும்பாலும் வேகம் வந்துவிடும், குறி தாமதிக்கும்.

ஊக்கமருந்தில் "நீங்கள் எடுத்தீர்களா?" என்பது பேட்டியை முடிக்கும் கேள்வி. 2014-ல் தண்டனையை 80 ஆட்டம், 162 ஆட்டம், மூன்றாவது முறை வாழ்நாள் தடை என்று கூட்டினார்கள். முன்பு 50, 100, வாழ்நாள். "தோழர் ஒருவர் 80 ஆட்டம் தடைபட்டுத் திரும்பும்போது அறையில் வரவேற்பு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பெயர் சொல்லாமல் உண்மை சொல்ல அவருக்கு வழி கிடைக்கும்.

---

கிர்மானி ரசிகன்

வரிசை பற்றி ஒரு வார்த்தை. தோல்விக் கேள்வியை முதலிலேயே வைக்காதீங்க. புல்பென், மொழி, சைகைன்னு 15 நிமிடம் போகட்டும், பிறகு அந்த 3-2 ஸ்லைடர். சம்பளம், ஆப்ஷன் கடைசிக்கு முன்னாடி.

நடுவில் ஒரு பந்தை அவர் கையில் கொடுங்க. கையில் பந்து வந்ததும் பிட்சர் பேசுற விதமே மாறும். நாலு தையல் பிடி, கட்டர், சேஞ்ச்அப் மூன்றையும் காட்டச் சொல்லி, கேமராவை மணிக்கட்டுக்கு நேரே, விரல் நுனி தையலில் எங்கே படுதுன்னு தெரியற மாதிரி வையுங்க. ஒலி மட்டும் கேட்கிறவங்களுக்காக "நடுவிரல் தையலின் மேலே, ஆள்காட்டி விரல் பக்கத்தில்"ன்னு நீங்க வாயால சொல்லணும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கு, காற்று கொஞ்சம் லேசு, அதனால வளையும் பந்து இங்கே சென்னையைவிடக் கொஞ்சம் கம்மியாத்தான் வளையும். டென்வர் இதைவிட உயரம், அங்கே 2002-லிருந்து பந்துகளை ஈரப்பத அறையில் வைத்துத்தான் எடுக்கிறாங்க. அங்கே இருக்கிற கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் எறிந்திருந்தா அவரே அரை மணி நேரம் புலம்புவார், கடிகாரத்தைப் பார்த்துக்கோங்க.

பந்து வாங்கும்போது கவனம். விளையாட்டுச் சாமான் கடையில் பேஸ்பால்னு கேட்டா சாஃப்ட்பாலை எடுத்து நீட்டுவாங்க. உறையில் சுற்றளவு 12 இன்ச்னு இருந்தா அது சாஃப்ட்பால், வேண்டாம். 9 இன்ச், 5 அவுன்ஸ், அதாவது 142-லிருந்து 149 கிராம், சிவப்பு நூலில் எழும்பின தையல் இருக்கணும். ரப்பர் உறை, அச்சடிச்ச தையல் வேண்டவே வேண்டாம். புதுப் பந்து வழுக்கும், மேஜர் லீக்கில் ஒவ்வொரு பந்தையும் ஆட்டத்துக்கு முன்னாடி ஆற்றுச் சேறு தடவித் தேய்த்துத்தான் கொடுப்பாங்க. நீங்க சேற்றுக்கு அலைய வேண்டாம், இரண்டு பந்து வாங்கி ஒன்றை ஒரு வாரம் கேட்ச் ஆடிப் பழசாக்கிட்டுக் கொண்டு போங்க.